ரேம் 4 ஜிபி, கணக்கில் 2.67 ஜிபி: கணினி எழும்போது ஃபர்ம்வேர் முகவரிகளைப் பங்கிடும் முறை

"அண்ணே, எட்டு ஜிபி போட்டிருக்கேன், 3.4தான் காட்டுது. ரேம் டூப்ளிகேட்டா?" கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை எந்த சர்வீஸ் மேசைக்கும் அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் ரேமில் கோளாறு இருக்காது. விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பே ஃபர்ம்வேர் (மதர்போர்டுச் சிப்பிலேயே இருக்கும் பயாஸ் போன்ற தொடக்க நிரல்) ஒரு பங்கீடு செய்துவிடுகிறது. அந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் தவறும், தவறினால் மேசையில் என்ன தெரியும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். முகவரி வேறு, ரேம் வேறு. புல எண்ணும் மண்ணும் போல. புலப்படத்தில் ஒரு எண் இருக்கிறது என்பதால் அங்கே நஞ்சை இருக்கிறது என்று ஆகாது; வாய்க்கால் புறம்போக்காக இருக்கலாம், சாலையாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ப்ராசஸர் கேட்கும் முகவரிகளில் சில ரேமுக்குப் போகும், சில கிராபிக்ஸ் கார்டுக்கு, சில பயாஸ் சிப்புக்கு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற மாதிரி, ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே நீர் பங்காகப் பிரியும், இங்கே ஒரு முகவரிக்கு ஒரே ஒரு மதகுதான் திறக்கும். எந்த முகவரிக்கு எந்த மதகு என்று ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் சிறு குறிப்பேடுகளில்) எழுதி வைப்பதுதான் ஃபர்ம்வேரின் வேலை.

முகவரிகளைப் பதினாறடிமான எண்ணில் எழுதாமல் எம்பி, ஜிபி கணக்கிலேயே தருகிறோம். கூட்டிக் கழித்துப் பார்க்க அதுதான் வசதி. 1 ஜிபி என்பது 1024 எம்பி.

படி 1: முதல் கட்டளை எங்கிருந்து வருகிறது

பவர் பட்டனை அழுத்தி, மின்னழுத்தங்கள் நிலைப்பட்டு, ரீசெட் விடுபட்டதும் இன்டெல் வகை ப்ராசஸர் தேடும் முதல் முகவரி 4 ஜிபிக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் ரேம் கிடையாது. 4 ஜிபி எல்லைக்குக் கீழே ஒட்டியுள்ள பகுதியைச் சிப்செட் (ப்ராசஸரைப் போர்டின் மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) நேராக பயாஸ் ஃபிளாஷ் சிப்புக்குத் திருப்பிவிடுகிறது. மதர்போர்டில் எட்டுக் காலோடு உட்கார்ந்திருக்கும் 25 வரிசைச் சிப் அதுதான். மேலே 128 என்று இருந்தால் அது மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 எம்பி. பயாஸ் கோப்பின் அளவோடு இதை ஒப்பிடாமல் சிப்பை மாற்றி எழுதியதால் செத்த போர்டுகள் நிறைய.

16 பைட்டில் பெரிய நிரல் எதுவும் அடங்காது. ஒரு தாவல் கட்டளை மட்டும் இருக்கும். அதுவும் அருகில் தாவுவதாக இருக்க வேண்டும். தூரத் தாவல் போட்டால் குறியீட்டுப் பிரிவின் அடிமுகவரி (கட்டளைகளின் இடத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற தொடக்கம்) மாறி, ப்ராசஸர் முதல் 1 எம்பிக்குள் போய் விழும். 16 பிட் நிலையில் எழுந்த ப்ராசஸர் சில கட்டளைகளிலேயே 32 பிட் நிலைக்கு மாறுகிறது.

ஏஎம்டியின் ரைசன் வகையில் இந்த வரிசை வேறு. அங்கே உள்ளே இருக்கும் தனிப் பாதுகாப்பு ப்ராசஸர் முதலில் எழுந்து, ரேமைத் தயார் செய்து, பயாஸ் பகுதியை ரேமில் ஏற்றிய பிறகே முக்கிய கோர்களை விடுவிக்கிறது. அடுத்த இரண்டு படிகளும் அங்கே நம் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடும்.

படி 2: ரேம் வருமுன் கேஷையே ரேமாக்குதல்

ரேமைத் தயார் செய்யும் நிரல் பெரியது. அது ஓட ஸ்டாக் (இடைக்கால மதிப்புகளை அடுக்கி வைக்கும் இடம்) வேண்டும், ஸ்டாக்குக்கு ரேம் வேண்டும். நாற்றங்கால் போட நிலம் வேண்டும், நிலமோ இன்னும் உழவில்லை என்ற கதை. இதற்கு வழி, ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷைத் தற்காலிக ரேமாக்குவது. ஒரு முகவரிப் பகுதியைக் கேஷ் செய்யத்தக்கது என்று குறித்து, அதன் ஒவ்வொரு வரியையும் கேஷுக்குள் கொண்டுவந்து, வெளியே தள்ளாதபடி நிறுத்தி வைப்பார்கள். கிடைப்பது சில நூறு கேபி, அது போதும். இந்த நிலையில் போர்டு நின்றுவிட்டால் திரையில் ஒன்றும் வராது, பீப் கூட வராமல் போகலாம். போஸ்ட் கோட் (எந்தப் படியில் நிற்கிறது என்ற குறியெண்) காட்டும் எல்இடி இருந்தால் அதுதான் ஒரே சாட்சி.

படி 3: ரேம் துண்டைப் படித்து, பழக்குதல்

ஒவ்வொரு ரேம் துண்டிலும் எஸ்பிடி என்ற சின்ன நினைவகம் உண்டு: டிடிஆர்3-இல் 256 பைட் வரை, டிடிஆர்4-இல் 512, டிடிஆர்5-இல் 1024. ஃபர்ம்வேர் இதை எஸ்எம்பஸ் என்ற சிறு இணைப்புத் தடம் வழியாகப் படிக்கிறது. பைட் எண் 2 ரேம் வகையைச் சொல்லும்: 11 என்றால் டிடிஆர்3, 12 என்றால் டிடிஆர்4, 18 என்றால் டிடிஆர்5. அளவு, ரேங்க் (சிப்புகள் எத்தனை அணியாக இருக்கின்றன என்பது), நேர இடைவெளிகள் எல்லாம் அடுத்தடுத்த பைட்டுகளில். எஸ்பிடி படிக்க முடியவில்லை என்றால் ஃபர்ம்வேருக்கு அந்த ஸ்லாட் காலி. ரேம் சிப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு துண்டு 'காணாமல்' போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு பழக்குதல், அதாவது ட்ரெயினிங். இது ஏன் என்று ஒரு கணக்கில் புரியும். டிடிஆர்4 3200-இல் ஒரு பிட் நிற்கும் நேரம் 312.5 பிக்கோநொடி. போர்டின் செம்புத் தடத்தில் சிக்னல் ஒரு நானோநொடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும். அப்படியானால் ஒரு பிட்டின் 'நீளம்' ஐந்து செ.மீ.க்கும் குறைவு. தடங்களின் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம், ஸ்லாட்டின் பின், வெப்பநிலை எல்லாமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எனவே ஃபர்ம்வேர் தெரிந்த வடிவங்களை எழுதி, படித்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பிழை தொடங்கும் இரு ஓரங்களையும் கண்டுபிடித்து நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு பைட் தடத்துக்கும் தனித்தனியாக.

கிடைத்த முடிவை ஃபிளாஷ் சிப்பிலேயே சேமித்து வைக்கும். அடுத்த முறை அதே துண்டுகள் இருந்தால் பழக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். துண்டை மாற்றினாலோ, சிமாஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) அழித்தாலோ மறுபடி முதலிலிருந்து. டிடிஆர்5 போர்டில் புதுத் துண்டு போட்ட முதல் எழுச்சிக்குச் சில நிமிடம் கூட ஆகும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பவரை நிறுத்தினால் சேமிப்பு நடக்காது, அடுத்த முறையும் அதே கதை. மின்வெட்டு அதிகமுள்ள மாதங்களில் இந்த வேலையை யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் ஈரப்பதத்தோடு அறுவடைத் தூசும் சேர்ந்த போர்டுகளில் பழக்குதல் தோற்று, எழுந்து எழுந்து விழுவது சாதாரணம். அழிப்பானால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். தங்கப் பூச்சு தேய்ந்து போகும், துகள் ஸ்லாட்டில் விழும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நாரில்லாத் துணி போதும். துண்டை மட்டுமல்ல, ஸ்லாட்டையும் பாருங்கள்.

படி 4: 4 ஜிபிக்குக் கீழே பள்ளம், மேலே மாற்று இடம்

விஷயத்தின் நடுநாடி இதுதான். ரேம் தயார். ஆனால் 4 ஜிபிக்குக் கீழ் முகவரிகள் முழுவதையும் ரேமுக்குக் கொடுத்துவிட முடியாது. அங்கே ஏற்கனவே குடியிருப்பவை பல:

ஃபிளாஷ் சிப், 4 ஜிபிக்குக் கீழே கடைசி 16 எம்பி.
லோக்கல் ஏபிஐசி (சாதனங்களின் அவசர அழைப்புகளைக் கோரிடம் சேர்க்கும் பகுதி), 4 ஜிபிக்கு 18 எம்பி கீழே.
எச்பெட் கடிகாரம், 19 எம்பி கீழே.
ஐஓ ஏபிஐசி (அந்த அழைப்புகளைச் சாதனங்களிடமிருந்து வாங்கும் பகுதி), 20 எம்பி கீழே.
பிசிஐ எக்ஸ்பிரஸ் அமைப்புப் பகுதி (சாதனங்களின் அமைப்புகளைப் படித்து எழுதும் இடம்): ஒரு செயல்பாட்டுக்கு 4 கேபி, ஒரு பஸ்ஸுக்கு 1 எம்பி, 256 பஸ்ஸுக்கு 256 எம்பி.
இவற்றோடு கிராபிக்ஸ், நெட்வொர்க், யூஎஸ்பி என்று 32 பிட் முகவரி கேட்கும் சாதனங்கள்.

எனவே ஃபர்ம்வேர் ஒரு கோடு போடுகிறது. இன்டெல் மொழியில் அதன் பெயர் டோலுட். அதற்குக் கீழே ரேம். அதிலிருந்து 4 ஜிபி வரை சாதனங்கள். ஏஎம்டியில் இதே கோட்டுக்கு டாம் என்று பெயர், 4 ஜிபிக்கு மேலுள்ள உச்சிக்கு டாம்2.

4096 எம்பி ரேம் உள்ள இன்டெல் போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டோலுட் 2816 எம்பியில் நிற்கிறது. 4096-இல் 2816 போக 1280 எம்பி ரேமின் முகவரி பறிபோனது. சாலைக்கு எடுத்த நிலத்துக்கு ஊரின் மறுகோடியில் மாற்று இடம் தருவது போல, அந்த 1280 எம்பியை 4096 முதல் 5376 வரை மேலே ஏற்றுகிறது ஃபர்ம்வேர். ரீமேப் என்பது இதுதான். 5376 என்பது இப்போது மேல் எல்லை, பெயர் டௌட்.

டோலுட்டுக்குக் கீழேயும் சில பங்குகள் வெட்டப்படும். மேலிருந்து கீழாக: உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு 64 எம்பி, 2752 முதல் 2816 வரை. அதன் முகவரி அட்டவணைக்கு 8 எம்பி, 2744 முதல். எஸ்எம்எம் என்ற ரகசிய நிலைக்கு (இயங்குதளத்துக்குத் தெரியாமல் ஃபர்ம்வேர் ஓடும் நிலை) டிசெக் பகுதி 8 எம்பி, 2736 முதல். டிசெக்கைக் காவல் காக்கும் ரெஜிஸ்டர் தன் அளவாலேயே வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். 2736-ஐ 8-ஆல் வகுத்தால் 342, மீதி இல்லை. கிராபிக்ஸ் அட்டவணை 2 எம்பியாக இருந்திருந்தால் டிசெக் 2742-இல் தொடங்கி இந்த விதி உடைந்திருக்கும். அப்போது ஃபர்ம்வேர் இன்னும் கீழே இறங்கி, இடையில் 6 எம்பியை வீணாக விட வேண்டி வரும்.

கூட்டிப் பாருங்கள். கீழே 2736, மேலே 1280, மொத்தம் 4016 எம்பி. 64 பிட் இயங்குதளம் ஏறக்குறைய இவ்வளவையும் காணும். 32 பிட் விண்டோஸோ 4 ஜிபிக்கு மேல் போகாது. அதற்கு மேலே ஏற்றிய 1280 இருப்பதே தெரியாது. கிடைப்பது 2736, அதாவது 2.67 ஜிபி. வேறு போர்டில் பள்ளம் சிறிதாக இருந்தால் 3.25, 3.4 என்று காட்டும். எண் மாறுவது போர்டைப் பொறுத்து, ரேமின் தரத்தைப் பொறுத்தது அல்ல.

8 ஜிபி ரேம், டோலுட் 2 ஜிபி என்றால்? ரீமேப் 4 ஜிபியில் தொடங்காது, ஏனென்றால் அங்கே ஏற்கனவே ரேம் இருக்கிறது. 8 ஜிபி உச்சிக்கு மேலே தொடங்கி 10 ஜிபியில் முடியும். இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கு ரேமின் உச்சியில் ஒதுக்கும் சில எம்பியை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டோலுட் கோடு ரேம் தயாராகும்போதே போடப்படுகிறது. ஆனால் எந்தச் சாதனத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது பிசிஐ தேடல் (போர்டில் என்னென்ன சாதனங்கள் என்று பார்ப்பது) முடிந்த பிறகே தெரியும். ஆயக்கட்டு எவ்வளவு என்று தெரியும் முன் மதகு அளவை முடிவு செய்வது போல. சில போர்டுகள் நிலையான ஓர் அளவை வைத்துக்கொள்கின்றன. சில, தேடலில் இடம் போதவில்லை என்றால் தேவையைக் குறித்து வைத்துக்கொண்டு தாமாகவே ரீசெட் ஆகி, மறுமுறை கோட்டைக் கீழே இறக்குகின்றன. புதுக் கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கணினி ஒருமுறை தானாக அணைந்து எழுவதற்கு இது ஒரு காரணம். பதற வேண்டாம்.

படி 5: சாதனங்களுக்கு இடம் ஒதுக்குதல்

ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தனக்கு எவ்வளவு முகவரி வேண்டும் என்று பார் எனப்படும் ரெஜிஸ்டர் மூலம் சொல்கிறது. கேட்கும் முறை இது.

முதலில் சாதனத்தின் நினைவக டிகோடை (முகவரிக்குப் பதில் சொல்லும் வேலையை) அணைக்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த கட்டளையில் அந்தச் சாதனம் தவறான முகவரிக்குப் பதில் சொல்லத் தொடங்கும். பாரில் இருக்கும் மதிப்பைச் சேமியுங்கள். எல்லா பிட்டுகளையும் 1 ஆக எழுதுங்கள். திரும்பப் படியுங்கள். கீழ் நான்கு பிட் வகைக் குறிகள், அவற்றை விட்டுவிடுங்கள். மீதியில் கீழிருந்து எத்தனை பிட் 1 ஆகாமல் பூஜ்ஜியமாகவே நிற்கின்றன என்று பாருங்கள். கீழ் நான்கையும் சேர்த்து 24 பிட் என்றால் 2-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது 16 எம்பி. பழைய மதிப்பையோ புது முகவரியையோ எழுதி, டிகோடைத் திரும்ப இயக்குங்கள்.

16 எம்பி கேட்டவனுக்கு 16-ஆல் வகுபடும் எம்பியில்தான் இடம் தர முடியும். எனவே பெரியவற்றை முதலில் வைக்க வேண்டும். 4 கேபி ஒன்றை முதலில் வைத்துவிட்டு 256 எம்பி ஒன்றை வைக்கப் போனால், அடுத்த 256 எம்பி எல்லைக்குத் தாவி, இடையில் ஏறக்குறைய 256 எம்பி பாழாகும். ஒரு பஸ்ஸை இன்னொன்றோடு இணைக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்களுக்கு பிரிட்ஜின் சாளரமும் திறக்க வேண்டும். அதன் அலகு 1 எம்பி. 4 கேபி மட்டும் கேட்கும் சின்ன நெட்வொர்க் கார்டும் இதனால் 1 எம்பி தின்னும்.

64 பிட் பார் உள்ள சாதனங்களை 4 ஜிபிக்கு மேலே அனுப்பலாம். பயாஸ் அமைப்பில் 'அபவ் 4ஜி டிகோடிங்' என்று இருப்பது இதற்குத்தான். பல ஜிபி பார் கேட்கும் புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வேறு வழியே இல்லை. பல போர்டுகளில் இதையும், இதோடு வரும் பார் அளவு மாற்றும் வசதியையும் இயக்க, பழைய பயாஸ் முறையான சிஎஸ்எம்மை அணைக்க வேண்டியிருக்கும். அணைத்ததும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த வட்டிலிருந்து விண்டோஸ் எழாது. வாடிக்கையாளர் முன்னால் அணைத்துவிட்டு விழிக்காதீர்கள். முதலில் காப்பு எடுத்து, எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டைப் புது ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டு அணையுங்கள்.

படி 6: முதல் 1 எம்பி

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வாரிசுச் சொத்து. 640 கேபி வரை ரேம், 640 முதல் 768 வரை விஜிஏ, அதற்கு மேல் 1 எம்பி வரை ரோம் பகுதிகள். ஃபிளாஷ் சிப்பிலிருந்து நேராக ஓடுவது மெதுவாக இருக்கும் என்பதால், இந்தப் பகுதி ரேமுக்கா ஃபிளாஷுக்கா என்று சொல்லும் பாம் ரெஜிஸ்டர்களைத் திருப்பி, அந்த நிரலை அதே முகவரியின் ரேமில் நகலெடுத்து, எழுத முடியாதபடி பூட்டிவிடும். நிழல் ரேம் என்பது இதுதான்.

படி 7: கேஷ் வகை குறித்தல்

முகவரி ரேமுக்குப் போகிறது என்பது போதாது. அதைக் கேஷ் செய்யலாமா என்றும் ப்ராசஸருக்குச் சொல்ல வேண்டும். எம்டிஆர்ஆர் ரெஜிஸ்டர்கள் இதற்கு. முதல் 1 எம்பிக்கு நிலையானவை 11. மற்றவற்றுக்கு மாறும் வகை, 8 அல்லது 10. ஒவ்வொன்றின் அளவும் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்கம் அந்த அளவால் வகுபட வேண்டும்.

நம் 4 ஜிபி உதாரணத்துக்கு: 0-இலிருந்து 2048, 2048-இலிருந்து 512, 2560-இலிருந்து 256, 4096-இலிருந்து 1024, 5120-இலிருந்து 256. ஐந்து ரெஜிஸ்டர். டோலுட் 2736 போன்ற ஒழுங்கற்ற இடத்தில் நின்றால் எண்ணிக்கை கூடும், தீர்ந்தும் போகலாம். கடைசி 256-ஐ ஃபர்ம்வேர் எழுத மறந்தால், இயல்பு வகை கேஷ் இல்லாதது என்பதால் அந்த ரேம் வேலை செய்யும், ஆனால் ஆமை வேகத்தில். "ரேம் கூட்டினேன், கணினி மெதுவாகிவிட்டது" என்ற புகாருக்கு இப்படியும் ஒரு விடை உண்டு. லினக்ஸ் கெர்னல் இதைக் கண்டுபிடித்தால் எச்சரித்துவிட்டு அந்த ரேமைக் கழித்துவிடும். எல்லாக் கோர்களிலும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

படி 8: சிட்டாவை ஒப்படைத்தல்

எல்லாம் முடிந்ததும் ஃபர்ம்வேர் ஒரு பட்டியல் தருகிறது. பழைய முறையில் அது ஈ820: ஒரு வரிக்கு 20 பைட், தொடக்கம் 8, நீளம் 8, வகை 4. வகை 1 உழக்கூடிய நிலம், 2 புறம்போக்கு, 3 ஏசிபிஐ (மின்சக்தி, சாதன விவர) அட்டவணை, படித்த பின் எடுத்துக்கொள்ளலாம், 4 தூக்க நிலைக்குத் தேவை, தொடாதே, 5 பழுது.

பழைய பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐயில் பட்டியல் 4 கேபி பக்கக் கணக்கில் வரும், கூடவே ஒரு சாவி எண்ணும். இயங்குதள ஏற்றி அந்தச் சாவியைக் காட்டித்தான் பூட் சேவைகளை (எழும்போது ஃபர்ம்வேர் செய்து தரும் வேலைகளை) முடிக்க முடியும். பட்டியல் வாங்கியபின் இடையில் ஒரு சின்ன நினைவக ஒதுக்கீடு நடந்தாலும் சாவி செல்லாது. பட்டியலை மறுபடி வாங்கி மறுபடி கேட்க வேண்டும். சொந்தமாகப் பூட்லோடர் எழுதும் மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்: பட்டியலை வாங்கி, திரையில் ஒரு வரி அச்சிட்டு, பிறகு முடிக்கப் பார்ப்பார்கள். அச்சிடும் வேலையே உள்ளே நினைவகம் ஒதுக்கக் கூடும்.

மேசையில் சோதிக்கும் வரிசை

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' எவ்வளவு என்று பாருங்கள். நூறு, இருநூறு எம்பி என்றால் கிராபிக்ஸ் பங்கு, சரி. ஜிபி கணக்கில் இருந்தால் இந்த வரிசையில் போங்கள்: இயங்குதளம் 32 பிட்டா, எம்எஸ்கான்ஃபிக்கில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் விழுந்திருக்கிறதா, பயாஸில் மெமரி ரீமேப் அணைந்திருக்கிறதா, பயாஸ் திரையிலேயே ஒரு ஸ்லாட் குறைகிறதா. கடைசியது என்றால் துண்டுகளை இடம் மாற்றுங்கள். துண்டோடு பழுது நகர்ந்தால் துண்டு. ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட், அல்லது ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ப்ராசஸரைத் திரும்ப மாட்டாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் கோட் 12 வந்தால் முகவரி இடம் போதவில்லை. அபவ் 4ஜி டிகோடிங்கை இயக்கிப் பாருங்கள், பயன்படாத உள்ளமைந்த சாதனங்களை அணையுங்கள், பயாஸைப் புதுப்பியுங்கள்.

லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும். டிமெசெக் கட்டளையின் முதல் வரிகளிலேயே ஈ820 பட்டியல் முழுதும் வரும். ப்ராக் கோப்புறையில் உள்ள ஐஓமெம் கோப்பு எந்த முகவரி எந்தச் சாதனத்துக்கு என்று பிரித்துக் காட்டும். அதை ரூட் உரிமையோடு திறங்கள். சாதாரணப் பயனராகத் திறந்தால் எல்லா முகவரிகளும் பூஜ்ஜியமாகவே தெரியும், பட்டியலே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.